வீட்டில் பூட்டிய த்ரீடி பிரிண்டரில் ஃபிலமென்ட் சிக்கினால் எங்கே பார்ப்பது

பிரிண்டர் ஓடுகிறது, தலை அங்கும் இங்கும் போய் வருகிறது, ஆனால் உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் சின்ன வாயான நொசிலில் இருந்து ஒன்றும் வரவில்லை, ஃபிலமென்டை (சுருளாக வரும் பிளாஸ்டிக் இழையை) உள்ளே தள்ளும் எக்ஸ்ட்ரூடர் மட்டும் டக் டக் என்று அடிக்கிறது. சாமான் சாமானாக வாங்கி வீட்டில் பூட்டிய மெசின் என்றால் இது ஒருநாள் நடந்தே தீரும். உடனே நொசிலைக் கழற்றுவதும், புதுச் சாமான் தேடிப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஓடுவதும் வேண்டாம். முதலில் ஃபிலமென்டை வெளியே எடுத்து அதன் நுனியைப் பாருங்கள், எங்கே பிடித்தது என்று அதுவே காட்டிவிடும்.

எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஆறியிருக்கும்போது இழுக்கக் கூடாது. பிஎல்ஏ வகைப் பிளாஸ்டிக் என்றால் நொசிலை 200 பாகைக்குச் சூடாக்கி, கையால் 10 மில்லிமீற்றர் உள்ளே தள்ளிப் பார்த்துவிட்டு, ஒரே இழுப்பில் எடுங்கள். தயங்கித் தயங்கி இழுத்தால் நுனி வீங்கி, ஃபிலமென்டை நொசிலுக்குக் கொண்டுபோகும் வெள்ளைக் குழாய்க்குள் இறுகும், அப்புறம் குழாயையே கழற்ற வேண்டி வரும்.

சரி, இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எக்ஸ்ட்ரூடரின் பல்சக்கரம் கடித்த இடத்தில் அரைவட்டமாகக் குடைந்திருந்தால், சக்கரம் சுற்றியிருக்கிறது, ஃபிலமென்ட் நகரவில்லை. பற்களுக்குள் அடைந்த தூளைப் பழைய பல்துலக்கியால் தட்டி எடுங்கள். ஃபிலமென்டைச் சக்கரத்தோடு அழுத்தும் ஸ்பிரிங்கை இறுக்குவதற்கு முன் சுருளைப் பாருங்கள், ஒரு சுற்று இன்னொன்றுக்கு அடியில் மாட்டியிருந்தால் எந்த ஸ்பிரிங்காலும் இழுக்க முடியாது.

நுனிக்குச் சற்று மேலே ஃபிலமென்ட் தடித்திருந்தால் சூடு மேலே ஏறியிருக்கிறது. கொழும்பில் இதை நான் முதலில் சந்தேகிப்பேன். பிஎல்ஏ 60 பாகையை அண்டியே இளகத் தொடங்கிவிடும், மத்தியானத்தில் அறையே 31, 32 பாகையில் நிற்கும், பிரிண்டரைப் பெட்டிக்குள் வேறு மூடி வைத்தால், நொசிலுக்கு மேலே சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் எப்படி ஆறும்? அதில் காற்றடிக்கும் சின்ன விசிறி, நொசில் சூடாக இருக்கும் நேரம் முழுக்க ஓட வேண்டும். நாங்களே வயர் பிடிக்கும்போது அதை அச்சுப் பொருளை ஆற்றும் விசிறியின் இணைப்பில் மாட்டிவிடுவது வழக்கமான பிழை, அப்படி மாட்டினால் முதல் படையில் (அடுக்கில்) அது ஓடவே ஓடாது. பிஎல்ஏ அச்சடிக்கும்போது பெட்டியின் கதவைத் திறந்து வையுங்கள், ரிட்ராக்ஷனையும் (ஃபிலமென்டைப் பின்னுக்கு இழுக்கும் அளவையும்) குறையுங்கள்.

நுனியில் மோதிரம் போல ஒரு விளிம்பு இருந்தால், வெள்ளைக் குழாய்க்கும் நொசிலுக்கும் இடையில் இடைவெளி. சூடாக்கி, நொசிலைக் கால் சுற்றுத் தளர்த்தி, குழாயை முட்டும்வரை தள்ளி, நொசிலைத் திரும்ப இறுக்குங்கள். குழாயின் முனை நேராக வெட்டப்பட்டிருக்க வேண்டும், கத்தரிக்கோலால் வெட்டினால் அது நசுங்கும், கூரான பிளேட்தான் சரி.

நுனியில் கருப்புத் துகள் இருந்தால்தான் நொசில் அடைப்பு. 200 பாகையில் ஃபிலமென்டைத் தள்ளி, 90 பாகைக்கு ஆறவிட்டு வெடுக்கென்று இழுங்கள், நொசிலின் உள்வடிவம் அப்படியே அச்செடுத்தது போல அழுக்கோடு வரும். அழுக்கில்லாமல் வரும்வரை இரண்டு மூன்று தடவை செய்யலாம்.

எந்த அடையாளமும் இல்லை, ஆனாலும் அச்சுப் பொருளின் சுவர் மெல்லிசாக வருகிறதா? அப்படியென்றால் எக்ஸ்ட்ரூடர் தள்ளும் கணக்கு பிழை. எக்ஸ்ட்ரூடர் வாயிலிருந்து 120 மில்லிமீற்றரில் ஃபிலமென்டில் பேனாவால் ஒரு கோடு போட்டு, 100 தள்ளச் சொல்லுங்கள். மிச்சம் 20 இருக்க வேண்டும். 28 இருந்தால் 92தான் போயிருக்கிறது, பழைய ஸ்டெப் எண்ணை (ஒரு மில்லிமீற்றர் தள்ள மோட்டார் எடுக்கும் அடிகளை) 100 ஆல் பெருக்கி 92 ஆல் வகுத்து, பிரிண்டருக்கு அனுப்பும் எம்92 கட்டளையில் போடுங்கள், எம்500 கொடுத்துச் சேமிக்க மறக்க வேண்டாம்.

வெள்ளவத்தையில் கடலுக்குப் பக்கத்து வீட்டில் நான் பட்டது இன்னொன்று. தென்மேல் பருவ மழை நாட்களில் சுருளைத் தாங்கியிலேயே விட்டிருந்தேன், காலையில் பார்த்தால் ஃபிலமென்ட் குழாய்க்குள்ளேயே துண்டாகியிருந்தது, வெளியே இருந்த பகுதியும் விரலால் வளைத்த உடனே படக்கென்று முறிந்தது. ஈரம் குடித்த சுருள் அடிக்கும்போது நொசிலில் சிட் சிட் என்று வெடிக்கும், நூல் நூலாக இழுக்கும். பிஎல்ஏயை 45 முதல் 50 பாகையில் நாலைந்து மணித்தியாலம் காயவைத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத அரிசி டப்பாவில் மூடி வையுங்கள், அடிக்கும் நேரம் தவிர வெளியே எடுக்க வேண்டாம்.