ஞானப்பல் எடுத்த பிறகு வீக்கமும் வலியும் குறைய

பல்லைப் பிடுங்கிய அன்று ஐஸ்தான் கைகொடுக்கும். ஐஸ் கட்டிகளை மெல்லிய துண்டில் சுற்றிக் கன்னத்தில் 15 நிமிடம் வையுங்கள், 15 நிமிடம் எடுத்துவிடுங்கள். முதல் நாள் முழுக்க, விழித்திருக்கும்போதெல்லாம் இப்படிச் செய்யலாம். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வீக்கம் உச்சத்துக்குப் போகும். கண்ணாடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மரத்த உணர்வு போவதற்கு முன்பே, டாக்டர் எழுதித் தந்த வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். வலி ஏறிய பிறகு அடக்குவது கஷ்டம். தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுத்தால் வீக்கம் கொஞ்சம் மட்டுப்படும்.

முக்கியமாக, துப்பாதீர்கள், உறிஞ்சாதீர்கள். குழியில் உறைந்திருக்கும் ரத்தக்கட்டி பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து, மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை வலி தெறிக்கும். இளநீர்கூட ஸ்ட்ரா இல்லாமல் டம்ளரில்தான். சிகரெட் வேண்டவே வேண்டாம். உப்புநீர்க் கொப்பளிப்பு 24 மணி நேரம் கழித்து, வெதுவெதுப்பாக; பலமாகக் கொப்பளிக்காமல், வாயைச் சாய்த்து வழியவிடுங்கள்.

சாப்பாடு? ஆறிய குழைந்த தயிர்சாதம். கடுகு தாளிக்காமல்! ஒரு கடுகு குழிக்குள் போனால் அன்றைய நிம்மதி போச்சு.

காய்ச்சல், சீழ், நிற்காத ரத்தம், மூன்று நாளுக்குப் பிறகும் ஏறும் வீக்கம் என்றால் உடனே டாக்டரிடம் போங்கள்.