மொட்டை மாடியில் எட்டடி ராட்சதன்: முதல்முறை செய்பவர்களுக்கு

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், மணிலாவுக்குக் கிழக்கே ஒரு பெரிய ஏரிக்கரையில் இருக்கிறது அங்கோனோ. நவம்பர் 23 அங்கே புனித கிளமெண்ட் திருநாள். அதையொட்டிப் பத்துப் பன்னிரண்டடி உயரப் பொம்மைகள் தெருவை அடைத்துக்கொண்டு ஆடி வரும். பெயர் ஹிகாந்தே. ஸ்பெயின்காரர்கள் ஆண்ட காலத்தில் பண்ணையாரைக் கேலி செய்யக் குடியானவர்கள் கட்டிய உருவம் என்று ஊரில் சொல்வார்கள். இடுப்பில் கை வைத்து முறைக்கும் அந்த நிலையைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

தலை காகிதக் கூழ், உடம்பு மூங்கில், உள்ளே ஒரு ஆள். அவ்வளவுதான் சமாச்சாரம். முறத்தின் ஓட்டையை அடைக்கக் காகிதமும் வெந்தயமும் அரைத்துப் பூசிய பாட்டிக்கும், பொய்க்கால் குதிரைக் கூட்டைத் தோளில் மாட்டி ஆடுபவருக்கும் இதில் பாதி தெரியும்.

சென்னைக்கு எட்டடி போதும். அதற்கு மேல் போனால் தெருவில் தொங்கும் கேபிள் வயர் முதலில் தலையைப் பிடுங்கும். செய்யும் மாதமும் முக்கியம். அங்கோனோவைப் பார்த்து நவம்பரில் ஆரம்பிக்காதீர்கள். நமக்கு அது அடைமழைக் காலம், கூழ் காயவே காயாது. மாசி, பங்குனி வெயில்தான் சரி.

முதலில் தலை. கடற்கரையில் விற்கிற காற்றடிக்கும் பந்தில் ஒன்றரை அடி அகலம் உள்ளதாக வாங்குங்கள். களிமண் அச்சில் செய்தால் முகம் இன்னும் நன்றாக வரும். கொசப்பேட்டையில் பிள்ளையார் செய்பவர்களிடம் கேட்டால் மண் பிசையும் பக்குவத்தைச் சொல்வார்கள். ஆனால் முதல் பொம்மைக்குப் பந்தே நல்லது. காற்றைப் பிடுங்கினால் தானே கழன்று வந்துவிடும். பந்தின் மேல் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும்.

பசைக்கு ஒரு டம்ளர் மைதா, நாலு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன் வெந்தயப் பொடி. கட்டி தட்டாமல் கிளறி, கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி ஆறவிடுங்கள். சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கூட உட்கார்ந்து செய்தால் வேண்டவே வேண்டாம்.

செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கையால் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழியுங்கள். கிழிந்த ஓரம்தான் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்தது பழுப்புத் தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போனது என்று பார்த்ததுமே தெரியும். ஐந்து அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் வெயில். இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள், நானும்தான். ஈரத்தோடு மூடிய என் முதல் தலை உள்ளே பூஞ்சை பிடித்தது. மிச்சத்தை இரவில் எலி வந்து மூக்கோடு கொறித்துவிட்டுப் போனது. காயும் வரை ராத்திரி வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.

மூக்கு, புருவம், உதடு எல்லாம் கூழ். ஊறவைத்த காகிதத்தை மிக்ஸியில் அரைத்து, பிழிந்து, பசை சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு மாதிரி வரும். கொலு பொம்மையின் நளினம் இங்கே எடுபடாது. முப்பதடி தூரத்தில் நிற்பவனுக்குத் தெரிகிற மூக்கு வேண்டும். போதும் என்று தோன்றிய பிறகும் இன்னொரு உருண்டை வையுங்கள். காய்ந்ததும் வெள்ளை பெயின்ட் ஒரு கை, அதன் மேல் வண்ணம்.

அடுத்தது கூடு. ஐந்தரை அடி நீள மூங்கில் பிளாச்சு நாலு, அவற்றைச் சுற்றி மூன்று வளையம். அடி வளையம் மூன்றடி அகலம், மேலே போகப் போகக் குறுகட்டும். முடிச்சுக்கெல்லாம் நனைத்த சணல், காய்ந்தால் இறுகும். கீழிருந்து மூன்றரை அடியில் இரண்டு குறுக்குக் குச்சி கட்டுங்கள். தூக்குபவரின் தோளில் உட்காரப் போவது இதுதான். பழைய துண்டைத் தடிமனாகச் சுற்றுங்கள். கட்டும்போதே ஆளை உள்ளே நிற்கவைத்து அளவு பாருங்கள், ஆளுக்கு ஆள் தோள் உயரம் மாறும். அடி வளையம் தரையிலிருந்து ஒரு அடி தூக்கி நிற்க வேண்டும், இல்லையென்றால் கால் தட்டும். மேல் வளையத்தில் குறுக்கே கட்டிய குச்சிகளில் கழுத்தை நட்டுத் தலையை மாட்டுங்கள்.

மொத்த எடை ஆறு கிலோவைத் தாண்டினால் தலையில்தான் குறைக்க வேண்டும். மேலே ஒரு கிலோ கூடினாலும் தோளுக்கு அது மூன்று கிலோ மாதிரி இருக்கும்.

துணிக்கு இரண்டு பழைய காட்டன் சேலை. பட்டு கிட்டு வேண்டாம், உள்ளே வெந்துவிடும். தூக்குபவரின் கண் மட்டத்தில் ஒரு சாண் துணியை வெட்டி, அங்கே கறுப்புக் கொசுவலை வைத்துத் தையுங்கள். கைக்கு முழுக்கைச் சட்டைக்குள் பஞ்சு அடைத்து இடுப்பில் ஊன்றி வைத்தால் அங்கோனோ பண்ணையார் தயார்.

பாலித் தீவில், ஊரே வெளியே வராமல் மௌனமாக இருக்கும் நியெப்பி நாளுக்கு முந்தைய மாலை தூக்கும் ஓகோ-ஓகோ என்ற பூதப் பொம்மைக்குள் ஆள் கிடையாது. மூங்கில் சட்டத்தில் ஏற்றிப் பலர் சுமப்பார்கள், நாற்சந்தியில் சுற்றுவார்கள், கடைசியில் பெரும்பாலும் எரித்துவிடுவார்கள். அது கூட்டத்தின் வேலை, இன்னொரு நாள் பார்ப்போம்.

முதல் ஓட்டத்தைத் தெருவில் வைக்காதீர்கள். கார் நிறுத்தும் இடத்தில் பத்து நிமிடம் நடக்கட்டும். பக்கத்தில் ஒருவர் கூடவே போய் பள்ளம், வண்டி, வயர் எல்லாம் சொல்லிக்கொண்டே வர வேண்டும். கடற்காற்று சாயங்காலம் வேகமாக வீசும், அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றி, வெளியே வந்தவருக்கு மோர் கொடுங்கள்.