ஒலி ஒத்தால் உறவு ஆகிவிடாது: ஆங்கிலச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே நாளில் காதில் விழும் பெங்களூரில், ஒத்த ஒலியைக் கொண்டு சொல்லுக்குச் சொல் உறவு கட்டும் பழக்கம் நம்மவர்களிடம் எளிதில் தொற்றிக்கொள்கிறது. 'எட்டு' என்பதிலிருந்தே ஆங்கிலத்தின் 'எய்ட்' பிறந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி அந்த வகையைச் சேர்ந்தது. எட்டுக்கு உடன்பிறப்பு வேண்டுமென்றால் மாநகரப் பேருந்தில் கண்டக்டர் கன்னடத்தில் சொல்லும் 'எண்ட்டு' இருக்கிறது. 'எய்ட்' என்பதோ லத்தீனின் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தின் 'அஷ்ட' ஆகியவற்றின் குடும்பம்.

'ஒன்று', 'ஒன்' கதையும் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் வடிவம் 'ஆன்'. இன்று 'வன்' என்று ஒலிக்கும்போது கேட்கும் வகரம் பிற்காலத்தில் வந்து ஒட்டியது. அந்த வகரம் ஒட்டாமல் தப்பிய உறவினர்கள்தாம் 'ஓன்லி', 'அலோன்', 'அடோன்' ஆகியவை. 'முழுக்க ஒன்றாய்' என்பதே 'அலோன்' ஆயிற்று. 'ஒன்றிய நிலையில்' என்பதிலிருந்து, பிணக்குத் தீர்த்து ஒன்றாவது என்ற பொருளோடு 'அடோன்' பிறந்து, பிறகு பிராயச்சித்தம் செய்வதைக் குறிக்கலாயிற்று. ஆகவே நம் ஊர் ஆங்கிலத்தில் மூச்சுக்கு மூச்சு வரும் 'ஒன்லி'யை 'ஓன்லி' என்று நீட்டிச் சொல்வதே சரி.

'கேஷ்' என்பது 'காசு'தான் என்று வாதிடுவோர் பாதி உண்மையைப் பிடித்திருக்கிறார்கள், ஆனால் தவறான பாதியை. ஆங்கிலத்தில் அப்படி ஒலிக்கும் சொற்கள் இரண்டு. ரொக்கத்தைக் குறிப்பது, பெட்டி என்ற பொருளுடைய லத்தீன் 'காப்ஸா'விலிருந்து பிரெஞ்சு, இத்தாலிய வழியாக வந்தது. பெட்டியைக் குறிக்கும் 'கேஸ்' அதன் உடன்பிறப்பு. மற்றொன்று, 80 காசு ஒரு பணம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் கணக்கு எழுதிய காலத்துச் சிறு நாணயத்தின் பெயர். அது மட்டுமே போர்த்துக்கீசியர் வாய்வழி சென்ற நம் காசு. கோர்ட்டில் நடக்கும் 'கேஸ்', விழுதல், நேர்தல் என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது என்பதால் பெட்டிக்கும் வழக்குக்கும் ஒட்டுறவே இல்லை. வங்கியில் பணம் எண்ணும் கேஷியருக்கும், படையிலிருந்து அதிகாரியை அவமானப்படுத்தி வெளியேற்றுவதைக் குறிக்கும் அதே எழுத்துடைய வினைச்சொல்லுக்கும் தொடர்பில்லை.

அடுத்த தவறு எழுத்தை நம்பி ஒலிப்பது. கடையில் 'ரிசீட்' என்று கேட்க வேண்டியதை 'ரெசிப்ட்' என்று கேட்பவர்கள் ஏராளம். லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகக் கற்றவர்கள் செருகிய பகர எழுத்து அது, ஒலிப்பதற்கன்று. அதே லத்தீன் வேரில் கிளைத்த 'டிசீட்', 'கன்சீட்' ஆகியவற்றுக்கு அந்த எழுத்து நிலைக்காததால் அவற்றில் யாரும் தடுமாறுவதில்லை. கடனைக் குறிக்கும் 'டெட்', ஐயத்தைக் குறிக்கும் 'டவுட்' ஆகியவற்றில் ஒலிக்காமல் நிற்கும் எழுத்தும் இப்படிச் செருகப்பட்டதே. சமையல் குறிப்பான 'ரெசிபி' இந்த 'ரிசீட்'டின் நெருங்கிய சொந்தம்: 'எடுத்துக்கொள்' என்று வைத்தியர் மருந்துச் சீட்டின் தலைப்பில் எழுதிய லத்தீன் ஏவல் அது. ஆனால் இவ்வளவு ஒத்து ஒலிக்கும் நம் 'ரசீது' இக்குடும்பத்தில் சேராது. வந்து சேர்ந்தது என்று பொருள்படும் பாரசீகச் சொல் உருது வழியாக நம்மிடம் வந்தது.

1809-இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து படையை இங்கே மாற்றியபோது உருவான, தமிழர் பெருமளவில் குடியேறிய கண்டோன்மெண்டின் பெயர், மூலை, வட்டாரம் என்ற பொருளுடைய 'கேன்டன்' என்ற சொல்லின் வழி வந்தது. கொரோனாக் காலத்தில் தெருவை அடைத்த 'கன்டெய்ன்மென்ட்' என்பதோடு அதைச் சேர்க்கக் கூடாது. பிரிட்டிஷ் அகராதிகள் இதற்கு 'கேன்டூன்மென்ட்' என்ற ஒலிப்பைத் தருகின்றன. தேர்வுக்கும் நேர்காணலுக்கும் அதை அறிந்து வைத்திருப்பது நல்லது. ஆட்டோக்காரரிடம் மட்டும் கண்டோன்மெண்ட் என்றே சொல்லுங்கள்.