போட்டோஷாப்பில் லேயர் இடைவெளியை அளக்க ஒரே விசை

நகர்த்தும் கருவியை எடுத்து ஒரு லேயரை (படத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அடுக்குகளில் ஒன்றை) தேர்ந்தெடுத்த பின், கண்ட்ரோல் விசையை, மேக் கணினியானால் கமாண்ட் விசையை, அழுத்தியபடியே சுட்டியை இன்னொரு லேயரின் மேல் கொண்டுசென்றால், இரண்டுக்கும் உள்ள தூரம் எண்ணாகத் தெரியும். சுட்டியை வெற்றிடத்தில் வைத்தால், தேர்ந்தெடுத்த லேயர் படப்பரப்பின் நான்கு விளிம்புகளிலிருந்தும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது தெரியும். ஒவ்வொரு லேயரின் எல்லைப் பெட்டியையும் (அதிலுள்ளதைச் சுற்றி அமையும் செவ்வகத்தையும்) மென்பொருள் முன்பே கணித்து வைத்திருப்பதால், தனியாகக் கோடு இழுத்து அளக்கும் வேலை மிச்சமாகிறது. வியூ பட்டியலில் ஸ்மார்ட் கைட்ஸ் (தானாகத் தோன்றும் வழிகாட்டிக் கோடுகள்) இயக்கத்தில் இருக்க வேண்டும்; கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அச்சகங்களுக்குத் தைப்பூசப் பதாகையோ திருமண அழைப்பிதழோ அனுப்புவோர், அளவுகோலின் மேல் வலச்சொடுக்கி மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொண்டால், வெட்டு விளிம்பிலிருந்து எழுத்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதை உடனே சரிபார்க்கலாம்.

சாய்த்து வைத்த படங்களுக்கு இது உதவாது, ஏனெனில் அளவு பெட்டியின் விளிம்புக்கே எடுக்கப்படுகிறது. மென்தூரிகையால் தீட்டிய லேயரில் கண்ணுக்குத் தெரியாத மங்கலான புள்ளிகளும் கணக்கில் சேரும். தமிழ்த் தலைப்புகளில் ‘கீ’, ‘தீ’ போன்ற எழுத்துகளின் சுழி மேலே நீள்வதால், எண்கள் சமமாக இருந்தாலும் இடைவெளி சமமாகத் தோன்றாது. அங்கே கண்ணை நம்புவதே மேல். 2014 பதிப்புக்கு முந்தைய போட்டோஷாப்பில் இவ்வசதி இல்லை.