மாலை: பொழுதா, பூவா? மொழி மாதிரியைச் சோதித்துப் பார்ப்போம்

‘மாலை’ என்று எழுதினால் சாயங்காலமா, பூமாலையா? பக்கத்தில் இருக்கும் சொற்களை வைத்து நாம் சட்டென்று புரிந்துகொள்கிறோம். மொழி மாதிரியும் (ஏராளமான எழுத்துகளைப் படித்துச் சொற்களின் பழக்கத்தைக் கற்ற கணினி நிரல்) அக்கம்பக்கத்தைத்தான் பார்க்கிறது. ஒரு சொல்லை அது எண்களின் வரிசையாகத்தான் வைத்துக்கொள்ளும். 2013-இல் வந்த வேர்ட்2வெக் என்ற மாதிரியில் ஒரு சொல்லுக்கு ஒரே எண்வரிசைதான். இரண்டு பொருளும் அதற்குள் கலந்து கிடக்கும். 2018-இல் வந்த பெர்ட் என்ற மாதிரி, சொல் வரும் இடத்துக்கு ஏற்ப வேறு எண்வரிசை தருகிறது. கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் இதை நாமே சோதிக்கலாம்.

1. முதலில் சொல். ‘ஆறு’ எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் உருபு சேர்ந்தால் நதி ‘ஆற்றில்’ ஆகும், எண் ‘ஆறில்’ ஆகும்; வடிவமே பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘மாலையில்’ இரண்டுக்கும் பொது. அதனால் மாலைதான் சரியான சோதனை.

2. மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள்:
அ) நேற்று மாலை மழை பெய்தது.
ஆ) சாமிக்கு மல்லிகை மாலை வாங்கினேன்.
இ) இன்று மாலை கூட்டம் நடக்கும்.

3. கூகுள் கோலாபில் (உலாவியிலேயே பைத்தான் நிரலை ஓட்டும் தளம்) ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பைத்தான் நிரல் நூலகம் வழியாகப் பன்மொழி பெர்ட்டை இறக்குங்கள். இதில் கேஸ்டு (ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டை அப்படியே வைப்பது), அன்கேஸ்டு (எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்குவது) என இரண்டு வகை உண்டு. தமிழுக்குக் கட்டாயம் கேஸ்டுதான். அன்கேஸ்டு, ஐரோப்பிய எழுத்துகளின் மேல்குறிகளை நீக்கும் அதே வேகத்தில் நம் புள்ளியையும் ஈகாரக் குறியையும் அழித்துவிடும். ‘மல்லிகை’ அங்கே ‘மலலிகை’! பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இதில் ஏமாறுவது மிகச் சுலபம்.

4. வாக்கியங்களை டோக்கன்களாக்கி (மாதிரி படிக்கும் சொல் அல்லது சொல்துண்டுகளாக்கி) அச்சிட்டுப் பாருங்கள். ‘மாலை’ துண்டுகளாக உடைந்திருந்தால், அந்தத் துண்டுகளின் எண்வரிசைகளுக்குச் சராசரி எடுங்கள்.

5. பெர்ட் வாக்கியத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் பல அடுக்குகளில் கணக்கிடுகிறது. எல்லா அடுக்குகளின் வெளியீட்டையும் கேளுங்கள். மொத்தம் 13 வரும்: நுழைவு நிலை ஒன்று, அப்புறம் 12 அடுக்குகள். டோக்கன் ஒவ்வொன்றுக்கும் 768 எண்கள். நுழைவில் மூன்று ‘மாலை’யும் ஏறக்குறைய ஒன்றுதான், வாக்கியத்தில் எத்தனையாவது இடம் என்பதால் மட்டுமே சிறு வேறுபாடு. மேலே போகப்போக, ஒவ்வொரு அடுக்கிலும் ‘மாலை’ மற்ற சொற்களைக் கவனித்து, அவற்றின் தகவலைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ‘மல்லிகை’யின் வாசம் அதற்கு ஏறுவது இப்படித்தான்.

6. ஒவ்வோர் அடுக்கிலும் அ–இ, அ–ஆ ஜோடிகளில் உள்ள ‘மாலை’களுக்குக் கொசைன் ஒப்புமை (இரண்டு எண்வரிசைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு) கணக்கிடுங்கள். எல்லா எண்ணுமே உயரமாக வரலாம், பயப்படாதீர்கள். இரண்டு ஜோடிக்கும் உள்ள இடைவெளியை மட்டும் பாருங்கள்; மாதிரி பொருளைப் பிரித்தறிந்தால், ஒரே பொருள் வரும் அ–இ ஜோடியின் எண் கூடுதலாக இருக்கும். அது தெளிவாக இல்லையென்றால், ஒவ்வொரு பொருளுக்கும் பத்து வாக்கியமாவது சேர்த்துச் சராசரி பாருங்கள்.

7. கடைசியாக, ‘மாலை வாங்கி வந்தாள்’ என்பதைக் கொடுங்கள். பூமாலையை வாங்கினாளா, சாயங்காலம் எதையோ வாங்கினாளா? நமக்கே சந்தேகம்தான். முன்னால் ‘பூக்கடைக்குப் போய்’ என்று சேர்த்து, இந்த ‘மாலை’ அ-வுக்கு நெருக்கமா, ஆ-வுக்கு நெருக்கமா என்று மறுபடி அளந்து பாருங்கள்.