ஏஜென்சி ரிப்போர்ட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

தாராவி 90 அடி சாலையில் எங்களுக்குத் தோல் பை கடை. அப்பா காலத்தில் பையை வாசலில் தொங்கவிட்டால் போதும். இப்போது இன்ஸ்டாகிராமிலும் தொங்கவிட வேண்டியிருக்கிறது. போன தீபாவளிக்கு ஒரு ஏஜென்சி மூலம் 6,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டேன். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ‘இம்ப்ரெஷன் 60,000’. திருநெல்வேலி வரைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

இம்ப்ரெஷன் என்பது விளம்பரம் திரையில் வந்துபோன தடவை. ஒரே ஆளுக்குப் பத்துத் தடவை வந்தால் பத்து என்றுதான் எண்ணுவார்கள். தலைகளை எண்ணுவது ரீச். அதைத் தனியாகக் கேளுங்கள். 60,000 தடவையில் 600 கிளிக் என்றால் 1 சதவீதம். இதுதான் சி.டி.ஆர். வாட்ஸ்அப்பில் விலை கேட்ட 30 பேர் லீட். கடைசிப் பக்கத்தில்தான் வாங்கியவர்கள் கணக்கு: 6 பேர். இதுதான் கன்வெர்ஷன். விலை கேட்டதையே கன்வெர்ஷன் என்று எழுதுகிறவர்களும் உண்டு, அதனால் “எதை எண்ணினீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ரோயாஸ். விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ரூபாய்க்கு எவ்வளவு விற்பனை என்பது. ஒரு பை 1,500; ஆறு பை 9,000. ரோயாஸ் 1.5. கேட்க லாபம் மாதிரிதான் இருக்கும்! தோல், ஜிப், உள்துணி, தையல் கூலி என்று ஒரு பைக்கு 950 ஆகிறது. கையில் நிற்பது 550. ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவு, அதாவது சி.ஏ.சி., 6,000-ஐ ஆறால் வகுத்தால் 1,000. பைக்கு 450 ரூபாய் நான் கைக்காசு போட்டு விற்றிருக்கிறேன். ஏஜென்சி பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. நான் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுவது) இருப்பதால் அதைக் கிரெடிட் எடுக்கவும், அதாவது நான் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

ஆகவே முதலில் உங்கள் பொருளில் கையில் நிற்கும் தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். சி.ஏ.சி. அதற்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். எஸ்.இ.ஓ., அதாவது கூகுள் தேடலில் கடையை மேலே கொண்டுவருகிற பேச்செல்லாம் அப்புறம், கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கக் காசு கிடையாது, இன்றைக்கே செய்யலாம்.

சி.ஆர்.எம். என்று, வாடிக்கையாளர் விவரங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருள் விற்க வருவார்கள். என்னுடையது கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் நீல அட்டை நோட்டு. பெயர், நம்பர், வாங்கிய பை, தேதி. அந்த ஆறு பேரையும் பொங்கலுக்கு முன்னால் கூப்பிட்டேன். சயானில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறவர், ஊழியர்களுக்குக் கொடுக்க 40 பர்ஸ் கேட்டார். அந்த ஆர்டருக்கு விளம்பரச் செலவு ஒரு போன் கால்தான்.