ஃபைட்டர் மீன்: வாங்கிய முதல் மாதம்

கடையில் பாட்டிலில் உயிரோடு இருக்கிறதே என்று வீட்டிலும் பாட்டிலிலேயே விடாதீர்கள். அங்கே அது சில நாள் தங்கல்தான். வீட்டில் குறைந்தது 15 லிட்டர் தொட்டி வேண்டும். மேலே இரண்டு அங்குலம் காலி விட்டு மூடி போடுங்கள். இது தாவும், மேலே வந்து காற்றும் எடுக்கும்.

குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து கலந்த பிறகே மீன். பையைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேருங்கள். பிறகு மீனை மட்டும் தொட்டியில் விடுங்கள், பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

புது மீன் சாவதற்குப் பெரிய காரணம், அதன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியா என்ற நச்சு. அந்த அம்மோனியாவை மாற்றிவிடும் பாக்டீரியா புதுத் தொட்டியில் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் இந்த பாக்டீரியா தங்கும்; அதைக் குழாயடியில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

முதல் நாள் தீனி வேண்டாம். பிறகு காலையும் மாலையும் இரண்டு மூன்று பெல்லட், மிஞ்சியதை எடுத்துவிடவும். தண்ணீர் 25 முதல் 28 டிகிரி இருக்கட்டும். ஊட்டி, கொடைக்கானலில் ஹீட்டர் கட்டாயம். துடுப்பு ஓரம் கருத்து அரித்துப்போனால் மருந்தைத் தேடுமுன் தண்ணீரை மாற்றுங்கள்.